பேர் என்னுது, சளி மச்சானுது

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நான் குடுத்த சளி என்னுது இல்ல. இத மொதல்லயே சொல்லிட்றேன். நாப்பத்தி மூணு வயசு ஆம்பள, ஏரியில முப்பது வருசமா வலை போட்றவன், உள்ளங்கை அளவு பாட்டில்ல துப்பறதுக்கு பயந்துக்கினு பொண்டாட்டியோட தம்பிய துப்ப வெச்சு எடுத்துக்கினு போனேன். எங்க குப்பத்துல என்னப் பத்தி நெறைய கதை ஓடும். கல்யாணத்துல மாப்பிள்ளை செருப்ப மாத்திப் போட்டுக்கினு வந்தது, மீனுன்னு நெனச்சு என் கால் விரலையே முள்ளு எடுக்கப் போனது, எல்லாத்தையும் ஊரே சொல்லும். இது மட்டும் நானே சொன்னாத்தான் தெரியும்.

எண்பதுகளோட ஆரம்பம் அது. எனக்கு ரெண்டு மாசமா இருமல். காலையில எழுந்தா பத்து நிமிசம் இருமிட்டுதான் பீடி பத்த வெப்பேன். பத்த வெச்சதும் இன்னும் பத்து நிமிசம். என் பொண்டாட்டி தேசம்மா, "இன்னாய்யா இது, ஓட்ட எஞ்சினு மாதிரி? போய் டாக்டரம்மாவ பாரு"ன்னு தெனம் கத்துவா.

எனக்குப் போக பயம். எங்க படகுல நாலு பேரு. ஒரு கூழுப் பானை, ஒரு செம்பு. அதுலதான் நாலு பேரும் குடிக்கணும். எவனாவது ரொம்ப இருமினா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. மறுநாள் அவனுக்கு தனி செம்பு வந்துடும். தனி செம்பு வந்துச்சுன்னா அடுத்த மாசம் அவன் கரையில உக்காந்து வலை தெச்சிக்கினு இருப்பான்னு அர்த்தம். எறா காலம் வேற வந்துக்கினு இருந்துச்சு, வருசத்துல நாலு காசு பாக்கறதே அப்போதான். அந்தச் செம்புக்குத்தான் நான் பயந்தேன். வியாதிக்குக்கூட அவ்வளவு பயப்படல.

கடைசியில தேசம்மா தொல்ல தாங்காம போனேன். ஏரியத் தாண்டி அந்தக் கரையில ஆஸ்பத்திரி. எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், அங்க இருந்தவங்க நல்லவங்க. ரெண்டு ரூமு, ஒரு வராண்டா. வாரத்துல மூணு நாளு டாக்டரம்மா வருவாங்க. மீதி நாளெல்லாம் கம்பவுண்டர் பாய்தான் ராஜா. பழவேற்காட்டுக்காரரு, தங்கமான மனுசன். ஆனா எரநூறு பேரு நிக்கிற எடத்துல தங்கம் இன்னா பண்ணும்? எங்க குப்பத்துல வழக்கம் இன்னான்னா, அன்னைக்கு யாரு ஏரியத் தாண்டுறானோ அவன் கையில தெருவுல இருக்கிறவன் ஆஸ்பத்திரி கார்டெல்லாம் வந்துடும். பாய் பேரப் படிப்பாரு. இவன் "நான்தான்"னுவான். அடுத்த பேருக்கும் இவனே "நான்தான்". பொம்பள பேருக்கும் "நான்தான்"னு சொல்லி மாத்திர வாங்கினவன் நான். பாய் தலைய நிமுத்த மாட்டாரு. பாவம், நிமுத்தினா வரிசை நவுராது.

டாக்டரம்மா என் முதுகுல குழாய வெச்சுக் கேட்டாங்க. "சளி டெஸ்ட் பண்ணணும். காலையில எழுந்ததும் வாய் கொப்புளிச்சிட்டு, நெஞ்சுலேர்ந்து இருமி இந்த பாட்டில்ல எடுத்தாங்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குதான்னு பூதக்கண்ணாடியில பாப்பாங்க. இருந்தா டி.பி. பயப்படாதீங்க, இப்போ மாத்திரையிலயே சரியாவுது"ன்னாங்க. பாட்டில் மேல என் பேர எழுதின காயிதம் ஒட்டியிருந்துச்சு. ஏகாம்பரம்.

பாட்டில வேட்டியில முடிஞ்சிக்கினு வந்தவன் நேரா மச்சான்கிட்ட போனேன். ஏழுமலை, தேசம்மாவோட ஒரே தம்பி. என்ன விட பதினாலு வயசு சின்னவன். காளை மாட்டுக் கழுத்து. படகு சேத்துல மாட்டினா நாங்க மூணு பேரு தள்ளுவோம், அவன் ஒருத்தன் தூக்குவான். அவனும்தான் இருமுவான். ஆனா பீடி குடிக்கிறவன் எவன் இருமாம இருக்கான்?

"மச்சான், இதுல கொஞ்சம் துப்பு."

"இன்னா மாமா, பூஜையா?"

விசயத்தச் சொன்னேன். அவன் பாட்டில வாங்கி மூடியத் தொறந்தான்.

"பேரு உன்னுதா?"

"என்னுது."

"அப்போ சரி"ன்னுட்டு நல்லா காறி எடுத்துக் குடுத்தான்.

அவன் ஏன் 'அப்போ சரி'ன்னான்னு வெளியூருக்காரங்களுக்குப் புரியாது. ஏரியில எந்த எடத்துல, என்னைக்கு, யாரு வலை போடணும்னு எங்க ஊரு கூடி சீட்டு எடுக்கும். அந்த மொறைக்குப் பேரு பாடு. எனக்கு பாடு விழுந்த அன்னைக்கு எனக்கு ஜொரம்னா என் பேர்ல மச்சான் போவான். அவன் பொண்டாட்டி பிரசவம்னா அவன் பேர்ல நான் போவேன். யாரு கை வலை போட்டாலும் பாடு எவன் பேர்ல இருக்குதோ மீனு அவனுது. இது தப்பே இல்ல, இதுதான் எங்க ஞாயம். நாங்க ரெண்டு பேரும் அந்த ஞாயத்த அப்பிடியே ஒரு பாட்டிலுக்குள்ள போட்டு மூடினோம்.

பத்து நாள் கழிச்சுப் போனா, பாய் என் கார்ட தனியா எடுத்து வெச்சிருந்தாரு. டாக்டரம்மா, "பூச்சி இருக்குது ஏகாம்பரம்"னாங்க.

எனக்கு வராண்டா சுத்துச்சு. நீங்க கேப்பீங்க, டேய், அது உன் சளியே இல்லியே, உனக்குத் தெரியாதான்னு. தெரியும். ஆனா பயந்தவன் புத்தி நேரா ஓடாது. ரெண்டு மாசமா எனக்கு டி.பி.ன்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அத ஒரு காயிதத்துல எழுதி நீட்டினதும், பாத்தியா, இருக்குதுன்னுதான் மனசு சொல்லுச்சு. பாட்டில் தொறந்திருந்தப்போ நானும் மேல இருமினேனே, என் பூச்சி அதுல விழுந்திருக்கும்னு ஒரு கணக்கு வேற போட்டேன். காளை மாதிரி இருக்கிறவனுக்கு டி.பி. வருமான்னு ஒரு நிமிசம்கூட எனக்குத் தோணல.

வந்து மச்சான்கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சான்.

"பாடு உன் பேர்ல மாமா. விழுந்த மீனும் உன்னுது. மாத்திரய சாப்பிடு."

நானும் சிரிச்சேன்.

செம்புக்கு பயந்து அவ்வளவும் பண்ணினேன் இல்ல? அந்தச் செம்ப தேசம்மாவே எனக்குத் தனியா வெச்சா. படகுல மூணு பேருதான் போனாங்க. மாத்திர தெனம் ஒண்ணு, பதினஞ்சு நாளுக்கு ஒருவாட்டி போய் வாங்கணும். நான் வெக்கப்பட்டுக்கினு போவல. என் கார்ட எடுத்துக்கினு ஏழுமலை போனான். வெயில்ல ஏரியத் தாண்டி, வரிசையில நின்னு, "ஏகாம்பரம்"னு கூப்பிட்டா "நான்தான்"னு சொல்லி, வாங்கினு வந்து என் கையில குடுத்தான். வழியெல்லாம் இருமிக்கினே வருவான். "உன் இருமல் எனக்குத் தொத்திக்கிச்சு மாமா"ன்னு கிண்டல் பண்ணுவான்.

அவனுக்குப் போவ வேண்டிய மாத்திர அது. அவன் கையாலயே மூணு தடவ எனக்குக் கொண்டாந்து குடுத்தான்.

மூணாவது தடவைக்கு முன்னாடியே எனக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு. மச்சான் போய் பாய்கிட்ட, "அவருக்கு அரிக்குதாம்"னு சொல்லியிருக்கான். அந்த 'அவரு'தான் இவன்னு பாய் நெனச்சாரா, இவன் வேறன்னு நெனச்சாரான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். அரிப்புக்கு ஒரு மாத்திர சேத்துக் குடுத்தாரு. நான் நேர்ல போயிருந்தா என் மூஞ்சப் பாத்திருப்பாங்க, அந்த நிமிசமே மாத்திரய நிறுத்தியிருப்பாங்க. நான் ரெண்டையும் சேத்து முழுங்கினேன்.

அஞ்சாம் நாள் கண்ணு செவந்துச்சு. ஒதடு வெடிச்சுது. வாய்க்குள்ள, தொண்டைக்குள்ள எல்லாம் புண்ணு. முதுகுத் தோலு சட்டையோட ஒட்டிக்கினு உரிஞ்சு வந்துச்சு. மச்சான்தான் என்ன ஒரு கோரைப் பாயில சுத்தி படகுல போட்டான். கரையேறி பொன்னேரிக்கு பஸ்ஸு, அங்கேர்ந்து ரயிலு. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல அவன் என்னத் தூக்கிக்கினு ஓடினது நெனவிருக்குது. என் காது அவன் மாருல இருந்துச்சு. உள்ள ஏதோ கரகரன்னு சத்தம். ஓடுறான், மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன்.

வார்டுல வாழை எலை போட்டுப் படுக்க வெச்சாங்க. துணி பட்டா உயிர் போவும். டாக்டரு சொன்னாரு, சில ஒடம்புக்கு சில மாத்திர ஒத்துக்காது, அத நிறுத்தாம தின்னா ஒடம்பு தன் தோலையே கழட்டிப் போட்ருமாம். பாம்பு பண்ணா அழகு, நான் பண்ணா அசிங்கம்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன். வாயத் தொறக்க முடியல. ஒதடு ரெண்டும் காஞ்ச ரத்தத்துல ஒட்டிக்கிச்சு. பொறந்ததுலேர்ந்து மூடாத வாயி மொத தடவ மூடுச்சு.

தேசம்மா பக்கத்துலயே கெடந்தா. பஞ்சுல தண்ணிய நனச்சு என் ஒதட்டுல சொட்டு சொட்டா விடுவா. ஈ வராம முந்தானையால விசிறிக்கினே ஒக்காந்து தூங்குவா, விசிற்ற கை மட்டும் நிக்காது. ஏழுமலையோட பொண்டாட்டி கன்னியம்மா ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி ரயிலேறி கஞ்சி கொண்டாருவா. "குடிண்ணா, ரெண்டு முழுங்கு"ன்னு சொந்தத் தங்கச்சி மாதிரி கெஞ்சுவா.

ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டரு படத்த ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாரு. டி.பி. இருந்தா வெள்ள வெள்ளையா திட்டு தெரியணுமாம். இதுல ஒண்ணுமில்ல. கார்டப் பாத்தாரு, படத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.

"ஏம்பா, நுரையீரல் சுத்தமா இருக்குதே. அங்க குடுத்தது உன் சளிதானா?"

எனக்கு சட்டுனு எல்லாம் வெளங்கிடுச்சு. மாருல காது வெச்சப்போ கேட்ட அந்தச் சத்தம், வழியெல்லாம் இருமினது, காளைக் கழுத்து எப்போ எளச்சுதுன்னு நான் பாக்காம விட்டது, எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சு.

நான் தலைய ஆட்டினேன். ஆமா, என்னுதுதான்னு.

வாய்ப்புண்ணு, பேச முடியலன்னு நானே எனக்கு சாக்கு சொல்லிக்கினேன். ஆனா இல்லன்னு ஆட்றதுக்கும் அதே தலைதான்.

பதினோராம் நாள் சாயங்காலம். பார்வையாளர் நேரம். எலை மாத்தி, ஒதட்ட நர்ஸம்மா மெதுவா தொடச்சு, "பேசிப் பாருங்க"ன்னாங்க. சுத்தி தேசம்மா, கன்னியம்மா, ஏழுமலை, பக்கத்துக் கட்டில்காரங்க ரெண்டு பேரு. பதினோரு நாளா பேசாத மனுசன் இன்னா சொல்லப் போறான்னு எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. தேசம்மா கண்ணுல தண்ணி. நான் கன்னியம்மா கையில இருந்த கஞ்சியப் பாத்தேன்.

"உப்பு பத்தல"ன்னேன்.

வார்டே சிரிச்சுது. நர்ஸம்மா சிரிச்சாங்க. கன்னியம்மா தலைல அடிச்சிக்கினு சிரிச்சா. ஏழுமலை வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான், சிரிப்பு இருமலாச்சு, இருமல் நிக்கல. துண்ட வாயில வெச்சு ஜன்னல் பக்கம் திரும்பினான். மறுபடி திரும்பறப்போ துண்ட மடிச்சு இடுப்புல சொருவினான். நான் படுத்திருந்த எடத்துலேர்ந்து பாத்தா அந்த மடிப்புல செவப்பு தெரிஞ்சுது. வேற யாரும் பாக்கல.

அப்போ சொல்லியிருக்கணும். வாயும் தொறந்தாச்சு, டாக்டரும் ரெண்டு கட்டில் தள்ளி நிக்கிறாரு.

"மச்சான்"னேன்.

"இன்னா மாமா?"

"பாடு எப்போ?"

"வர்ற வாரம் நம்புளுது. எறா அள்ளுது மாமா, நீ இல்லாததுதான் கொற. உன் பங்கு வந்துடும், கவலப்படாத."

"சரி"ன்னேன்.

காரணம் தேடினா கெடைக்கும். கவர்மெண்ட்ட ஏமாத்தினதுக்கு போலீசு வருமோன்னு பயம். தேசம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு பயம். எறா காலத்துல அவனக் கரையில ஒக்கார வெக்கணுமே, பாடு முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு ஒரு தள்ளிப் போடல். இந்தக் காரணத்தயெல்லாம் மொத்தமா கட்டித் தூக்கிப் பாத்தாலும் அவனோட அந்த ரத்தத் துண்டு எடைக்கு ஈடாவாது. எட்டு நாளு நான் சொல்லல. அந்த எட்டு நாளும் வார்டுல எல்லாரையும் சிரிக்க வெச்சேன். பக்கத்து வார்டுலேர்ந்து கூட ஆளு வந்து நின்னு கேட்டுட்டுப் போனாங்க.

பத்தொம்பதாம் நாள் டாக்டரு, "நாளைக்கு வீட்டுக்குப் போலாம், இனிமே டி.பி. மாத்திர பக்கமே போவாத"ன்னு எழுதிக்கினு இருந்தாரு. அவரு பேனாவப் பாத்துக்கினே சொன்னேன்.

"ஐயா, அந்தச் சளி என் மச்சானுது."

அவரு திட்டல. பேனாவ மூடினாரு.

"அவரு எங்க இருக்காரு?"

"ஏரியில. இன்னைக்கு எங்க பாடு."

பக்கத்துல விசிறிக்கினு இருந்த தேசம்மாவோட கை நின்னுச்சு. பத்தொம்பது நாளா நிக்காத கை.

ஆளு அனுப்பறதுக்குள்ள அங்கேர்ந்தே ஆளு வந்துட்டாங்க. வலை இழுக்கறப்போ படகுலயே ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்திருக்கான். எறாவெல்லாம் செவப்பாப் போயி, அத ஏரியிலயே கொட்டிட்டாங்களாம்.

டி.பி.க்குன்னு இருக்கிற ஆஸ்பத்திரியில சேத்தோம். எக்ஸ்ரேவுல ஒரு பக்க நுரையீரல்ல எலுமிச்சங்கா பெருசுக்கு ஓட்ட. பூச்சி அரிச்சு அரிச்சு உண்டாக்கின ஓட்ட, அதுக்குள்ள ரத்தக்கொழாய் அறுந்தா இப்பிடித்தான் வருமாம். ஊசி, மாத்திர, எல்லாம் குடுத்தாங்க. நான் தெனம் போய் ஒக்காந்தேன். அவன் என்மேல கோவப்படல, அதான் என்னால தாங்க முடியல.

"மாமா, நம்ப ஞாயம் தப்பாப் போச்சு பாத்தியா"ன்னான் ஒருநாள். "பாடு உன் பேர்ல இருந்தாலும் மீனு வலை போட்டவனுக்குத்தான் போல."

நாப்பதாவது நாளு, கன்னியம்மா தலை சீவி விட்டுக்கினு இருக்கறப்போ, மறுபடியும் ரத்தம் வந்துச்சு. இந்த தடவ நிக்கல.

நான் அந்த எட்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா பொழச்சிருப்பானான்னு அங்க இருந்த டாக்டர்கிட்ட கேட்டேன். "எட்டு நாள்ல இன்னான்னு சொல்ல முடியாது. அந்த பாட்டில் வந்த அன்னைக்கே அவருக்கு மாத்திர போயிருந்தா கண்டிப்பா நல்லா இருந்திருப்பாரு"ன்னாரு. பொய் சொல்லியாவது ஆறுதல் குடுக்கற டாக்டரா அவரு இருந்திருக்கக் கூடாதா.

ஏரிக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கம்பவுண்டர் பாய்தான் அழுதாரு. "மூணு தடவ என் கையால குடுத்தேன் ஏகாம்பரம். ஒருவாட்டி தலைய நிமுத்தியிருந்தா, இவன் ஏகாம்பரம் இல்ல, இருமறவன் இவன்தான்னு எனக்கே தெரிஞ்சிருக்கும்."

அதுக்கப்பறம் அங்க வழக்கம் மாறிச்சு. கார்டக் கட்டா வாங்கறது நின்னுச்சு. யாருக்கு வியாதியோ அவங்களே வரணும், நடக்க முடியாதவங்க வீட்டுக்கு நர்ஸம்மா படகேறிப் போவாங்க. பேரு, நைனா பேரு, எந்தக் குப்பம்னு வாய் விட்டுக் கேட்டு, மூஞ்சப் பாத்துதான் மாத்திர. வராண்டாவுக்குப் பின்னால ஒரு எடம், அங்க பாய் கண்ணு முன்னாடி நின்னு இருமித் துப்பணும். ஒருத்தருக்கு பூச்சி இருந்தா வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் வந்தாவணும். முன்ன மாத்திரயோ ஊசியோ ஒத்துக்காமப் போச்சான்னு கேட்டு கார்டு மேல செவப்புல எழுதுவாங்க. மொத செவப்பு எழுத்து என் கார்டுல. இதெல்லாம் பண்ண மிஷினு எதுவும் வர்ல, புதுசா ஆளும் வர்ல. வரிசை முன்ன விட மெதுவா நவுந்துச்சு, அவ்வளவுதான்.

ஜனங்க மொனவினாங்க. "ஒரு மாத்திரைக்கு இன்னா இவ்ளோ பேஜாரு"ன்னு. டாக்டரம்மா என்னக் கூப்பிட்டு, "நீ வந்து வரிசையில ஒக்காந்து உன் கதைய சொல்லு, உன் பேச்ச கேப்பாங்க"ன்னாங்க. செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம போனேன். மாப்பிள்ளை செருப்புல ஆரம்பிச்சு, பாட்டிலு, வாழை எலை, உப்பு பத்தலன்னு வரிசையா சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கிறப்போ மச்சான் பேரச் சொல்லுவேன். அப்பால ஒவ்வொருத்தரா பின்னால போய் அவங்கவங்க சளிய அவங்கவங்களே துப்பிட்டு வருவாங்க.

ஒரு செவ்வாய்க்கெழம அந்த வரிசையில கன்னியம்மா நின்னுக்கினு இருந்தா. அவளுக்கும் டெஸ்டு. நான் பாக்கல, சொல்லிக்கினே போனேன். உப்பு பத்தலன்ன எடத்துல வராண்டா முழுக்க சிரிப்பு. திரும்பினா அவ. கையில பாட்டில், மூஞ்சில சிரிப்பும் இல்ல, அழுகையும் இல்ல.

வெளிய வர்றப்போ எனக்காகவே நின்னா. அவளுக்கு பூச்சி எதுவும் இருக்காதுன்னு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவ சத்தம் போடல, விசாரிக்கிற மாதிரிதான் கேட்டா.

"வாயி ஆறினதும் மொதல்ல ஜோக்குதானேண்ணா சொன்ன. அவருக்கு வியாதின்னு சொல்லிட்டு, அப்பால அத சொல்லியிருக்கலாம்ல?"